வெள்ளிக்கிழமை பார்ப்போம்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை 'சரியாயிரும்'. காலையில் பஸ் ஏறும்போது சொல்வேன். கையில் ஊசி ஏறும்போது சொல்வேன். நான்கு மணி நேரம் கழித்து, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி அப்பா கட்டிலை விட்டு இறங்கும்போதும் சொல்வேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, மாற்றுச் சிறுநீரகம் வைக்க இதயத்தில் வலுவில்லை என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதாவது சரியாகாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காமல் எடுத்தேன் என்று சொல்பவனின் முகம் அவருக்குப் பழக்கம்.

ஒருநாள் அவர் கேட்டார். "எத்தன நாளைக்குல இது?"

"சரியாயிரும்ப்பா."

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பது வயது இருக்கும். அங்கே எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு ஆட்டோ ஓட்டியவர், வைத்தியத்துக்காக ஆட்டோவை விற்றவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் அப்பாவைப் பார்த்து இப்படிச் சொன்னார்:

"சரியாவாது கண்டக்டர் சார். தம்பி உங்க மேல உள்ள பிரியத்துல சொல்லுதான். ஆனா வெள்ளிக்கிழம பாப்போம்."

எனக்குக் கோபம் வந்தது. சாகப்போகிற மனுஷனிடம் இப்படியா பேசுவது என்று தோன்றியது. ஆனால் அப்பா திரும்பினார். அந்த ஆளை ஒரு நிமிஷம் பார்த்தார். "வெள்ளிக்கிழம நீங்க எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார்.

அப்பா கேட்ட அந்தக் கேள்வியை நான் ஐந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாதமாக நான் கொடுத்த நம்பிக்கை அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. நம்பிக்கையே இல்லாத ஒரு வாக்கியம் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. ஏன்?

*

டயாலிசிஸ் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலிதான் பெரிய கஷ்டம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்போம். உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் தாகம் என்பார்கள். சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் எல்லாம் அப்படியே தங்கும். காலில் வீக்கமாக நிற்கும், நுரையீரலில் போய் மூச்சு முட்டும். அதனால் நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுப்பார்கள். அந்த அளவில் மாத்திரை போடுகிற தண்ணீர், காப்பி, ரசம் எல்லாம் அடக்கம். ஒவ்வொரு தடவையும் மெஷினில் போடுவதற்கு முன் எடை பார்ப்பார்கள். இரண்டு கிலோ கூடியிருந்தால் சிஸ்டர் திட்டுவார். சித்திரை மாதத்து வெயிலில், திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் இருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு மனிதருக்கு அந்த எடை மெஷின் கோர்ட்டுக் கூண்டு மாதிரி.

அண்ணாச்சி ஒரு பிளாஸ்க் கொண்டுவருவார். துண்டில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்திருப்பார். உள்ளே சின்னச் சின்ன ஐஸ் கட்டிகள். எலுமிச்சை வாசனை லேசாக இருக்கும். தண்ணீரைக் குடித்தால் ஒரு மடக்கில் போய்விடும். அதே தண்ணீரை ஐஸ் கட்டியாக வாயில் அடக்கினால் பத்து நிமிஷம் நாக்கு நனைந்திருக்கும். டாக்டர்களே சொல்கிற யோசனைதான் அது. ஆனால் அதை வீட்டில் செய்து, இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் உருகாமல் கொண்டுவந்து, கட்டில் கட்டிலாகப் போய் ஆளுக்கு ஒன்று கொடுப்பது யாருடைய யோசனையும் இல்லை, அவருடைய வேலை.

"ஒண்ணுதான். ரெண்டாவது கேட்டியன்னா சிஸ்டர்ட்ட சொல்லிருவேன்" என்பார். யாராவது நன்றி சொன்னால், "தண்ணிக்கு எதுக்குய்யா நன்றி" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அவருக்கும் அதே நோய். அவர் கையிலும் அதே ஃபிஸ்டுலா. அவருக்கும் ஒரு கட்டிதான்.

*

நம்பிக்கை நல்லது என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்கிறோம். காலண்டர் தாளில், ஸ்டேட்டஸில், பள்ளிச் சுவரில் எல்லா இடத்திலும் அது இருக்கிறது. ஆனால் மனிதர்கள் உண்மையிலேயே எல்லைக்குத் தள்ளப்பட்ட இடங்களிலிருந்து எழுதியவர்கள் அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை.

விக்டர் ஃப்ராங்கல் நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிரோடு வந்த மனநல மருத்துவர். 1946இல் வெளிவந்த அவருடைய முகாம் நினைவுகள் உலகம் முழுக்க நம்பிக்கையின் புத்தகமாகவே வாசிக்கப்படுகின்றன. அதில் ஒரு சக கைதியின் கதை வருகிறது. இசையமைப்பாளர் அவர். 1945 பிப்ரவரியில் அவருக்கு ஒரு கனவு வந்தது. மார்ச் 30ஆம் தேதி நமக்கு விடுதலை என்று கனவில் ஒரு குரல் சொன்னது. அவர் அதை உறுதியாக நம்பினார். தேதி நெருங்க நெருங்க, வெளியிலிருந்து வந்த செய்திகள் எதுவும் அதற்குச் சாதகமாக இல்லை. 29ஆம் தேதி காய்ச்சல். 30ஆம் தேதி நினைவு தப்பியது. 31ஆம் தேதி செத்துப்போனார். டைஃபஸ் என்று சொல்லலாம். ஆனால் அதுவரை அந்த நோயைத் தடுத்து வைத்திருந்தது அந்தத் தேதி, அவரைக் கொன்றதும் அந்தத் தேதிதான் என்பது ஃப்ராங்கலின் கணிப்பு. 1944 கிறிஸ்துமஸுக்கும் 1945 புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் முகாமில் சாவு அதிகரித்ததற்கும் இதே காரணத்தை அவர் சொல்கிறார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்விடுவோம் என்று எத்தனையோ பேர் நினைத்திருந்தார்கள்.

போலந்து எழுத்தாளர் ததேயுஷ் பொரோவ்ஸ்கி இன்னும் கடுமையானவர். இருபது வயதில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவர் பார்வையில், முகாமில் மனிதர்களை எதிர்க்கவிடாமல் வரிசையில் நிற்க வைத்ததே நம்பிக்கைதான். இன்னும் ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும், அந்த ஒரு நாளில் ஏதாவது நடக்கும் என்ற எண்ணம்தான் அவர்களை விஷவாயு அறைவரை அமைதியாக நடக்க வைத்தது என்று அவர் நினைத்தார். முகாமிலிருந்து உயிரோடு வந்து, கதைகள் எழுதி, 1951இல் தன் 28ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு என் 'சரியாயிரும்' ஞாபகம் வந்தது. வதைமுகாமையும் ஆஸ்பத்திரி வார்டையும் ஒப்பிட நான் வரவில்லை, அது அபத்தம். அங்கே மனிதனை மனிதன் திட்டமிட்டுக் கொன்றான். இங்கே உடம்பு தன் கணக்கை முடிக்கிறது. ஆனால் பொய்யான தேதி கொடுப்பது எங்கேயும் பொய்யான தேதி கொடுப்பதுதான்.

*

அதே ஆஷ்விட்ஸின் இன்னொரு கதை. எனக்கு அண்ணாச்சியைப் புரியவைத்த கதை.

இத்தாலிய வேதியியலாளரான ப்ரீமோ லெவி 1944 பிப்ரவரியில் அங்கே கொண்டுவரப்பட்டார். மோனோவிட்ஸ் என்ற துணை முகாமில், செயற்கை ரப்பர் தொழிற்சாலை கட்டுமிடத்தில் அடிமை வேலை. அந்தக் கோடையில் ஒருநாள் ஒரு கொத்தனாருக்குக் கையாளாக நிறுத்தினார்கள். கொத்தனார் பெயர் லொரென்ஸோ பெர்ரோனே. 1904இல் ஃபொஸ்ஸானோ என்ற சிறிய ஊரில் பிறந்தவர், அதிகம் படிக்காதவர், அதிகம் பேசாதவர். கைதி இல்லை, ஒப்பந்தத்தில் கூலி வேலைக்கு வந்த இத்தாலியர். லெவிக்கு வேலை தெரியாது. சாந்து வாளியைக் கொட்டிவிட்டார். இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு வேறென்ன நடக்கும் என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தாராம் லொரென்ஸோ. அதுதான் முதல் சந்திப்பு.

இரண்டு மூன்று நாள் கழித்து அவர் ஒரு அலுமினியப் பாத்திரம் நிறைய சூப் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடு என்றார். அன்றிலிருந்து ஆறு மாதம், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும். மாட்டினால் அவரையும் முகாமுக்குள் தள்ளுவார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து, தங்கள் ஆட்களின் சமையலறையில் மிச்சம் மீதியைச் சுரண்டி எடுத்து வருவார். அந்த சூப்பில் ப்ளம் பழக்கொட்டை கிடக்கும், ஒருமுறை இறகோடு ஒரு குருவிச் சிறகு. லெவி அதைத் தன் நண்பன் ஆல்பர்ட்டோவோடு பகிர்ந்து குடித்தார். ஒட்டுப்போட்ட ஒரு பனியனையும் லொரென்ஸோ கொடுத்தார். லெவிக்காக இத்தாலிக்கு ஒரு தபால் அட்டை எழுதிப்போட்டு, பதிலையும் வாங்கிவந்தார். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. கொடுத்தாலும் வாங்கவில்லை.

ஒருநாள் சூப்பில் மண் கிடந்தது. மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அன்று காலையில் விமானக் குண்டு பக்கத்தில் விழுந்து, பாத்திரம் மண்ணில் புதைந்து, அவருடைய ஒரு காதின் செவிப்பறையும் கிழிந்திருந்தது. அதை லெவி வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டார். லெவிக்கு மட்டுமல்ல, வேறு பல கைதிகளுக்கும் அவர் உதவிக்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

தான் பிழைத்ததற்கு லொரென்ஸோதான் காரணம் என்று லெவி எழுதினார். ஆனால் அவர் அழுத்திச் சொல்வது சூப்பை அல்ல. இந்த முகாமுக்கு வெளியே, இன்னும் கெட்டுப்போகாத ஒரு உலகம் இருக்கிறது என்பதை லொரென்ஸோ தன் இருப்பால் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார், அதனால்தான் நானும் ஒரு மனிதன் என்பதை மறக்காமல் இருந்தேன் என்கிறார். லொரென்ஸோ அவரிடம் 'போர் முடிந்துவிடும்' என்று சொல்லவில்லை. 'நீ வீட்டுக்குப் போவாய்' என்று சொல்லவில்லை. பாத்திரத்தைச் சாயங்காலம் திருப்பிக் கொடு என்றுதான் சொன்னார்.

தமிழில் 'நம்பிக்கை' என்று நாம் இரண்டு விஷயங்களுக்கு ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். 'மழை வரும்னு நம்பிக்கை இருக்கு' என்பதிலும் அதே சொல். 'உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு' என்பதிலும் அதே சொல். முதலாவது நடக்கப்போகிற ஒன்றின் மேல். இரண்டாவது ஒரு ஆளின் மேல். இதை மொழியின் குறை என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. முதலாவது உடைந்துபோனாலும் இரண்டாவது நிற்கும் என்பதை அந்தச் சொல் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஃப்ராங்கலின் நண்பர் ஒரு தேதியை நம்பினார். தேதி பொய்த்தது. லெவிக்குக் கிடைத்தது ஒரு ஆள். நான் அப்பாவுக்குக் கொடுத்தது முதல் வகை, அதுவும் கள்ள நோட்டு. அண்ணாச்சி கொடுத்தது இரண்டாவது. வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்பதில் நோய் குணமாகும் என்று எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை நான் இங்கே இருப்பேன் என்பது மட்டும்தான் இருக்கிறது. அது ஒரு மனிதன் காப்பாற்றக்கூடிய வாக்கு.

*

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் எல்லாருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் லொரென்ஸோவின் கதை இங்கே முடியவில்லை. அண்ணாச்சியின் கதையும் முடியவில்லை.

போர் முடிகிற சமயத்தில் லொரென்ஸோ போலந்திலிருந்து இத்தாலிக்கு நடந்தே கிளம்பினார். வந்து சேர நான்கு மாதம் ஆனது. வழியில் துரின் நகரத்தில் லெவியின் அம்மாவைத் தேடிப்போய்ப் பார்த்தார். மகன் திரும்பி வருவான் என்று அவர் ஆறுதல் சொல்லவில்லை. அநேகமாக வரமாட்டான் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போனார். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 'சரியாவாது கண்டக்டர் சார்' என்ற குரல் கேட்டது.

லெவி திரும்பி வந்தார். 1945 அக்டோபரில் வீடு சேர்ந்து, பிறகு ஃபொஸ்ஸானோ போய் லொரென்ஸோவைத் தேடிப் பிடித்தார். அவர் பார்த்தது உயிர்வரை களைத்துப்போன ஒரு மனிதரை. லொரென்ஸோ கொத்தனார் வேலையை விட்டுவிட்டார். பழைய இரும்பு வாங்கி விற்றார், குடித்தார், பனியில் படுத்துத் தூங்கினார். உலகத்தைப் பார்த்துவிட்டேன், பிடிக்கவில்லை என்பதுதான் அவர் நிலை. லெவி துரினில் வேலை தேடிக் கொடுத்தார், வேண்டாம் என்றார். நோய் முற்றியபோது தெரிந்த டாக்டர்களைப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே குடிக்க ஒயின் கொடுக்கமாட்டார்கள், ஓடிவிட்டார். 1952இல் இறந்துபோனார். லெவி தன் மகளுக்கு லிசா லொரென்ஸா என்றும் மகனுக்கு ரென்ஸோ என்றும் பெயர் வைத்தார். 1998இல், யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தவரை கௌரவிக்கும் யாத் வஷேம் அமைப்பு லொரென்ஸோவின் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

இன்னொருவனுக்கு வாழும் நம்பிக்கையைக் கொடுத்த ஆளிடம் தனக்கென்று அது இல்லை. அப்படியானால் இரக்கம் என்பது நம்பிக்கையிலிருந்து வருவதில்லை. நாளை நன்றாக இருக்கும் என்று நினைப்பவன்தான் இன்று நல்லது செய்வான் என்று நாம் கருதுகிறோம். லொரென்ஸோ அதைப் பொய்யாக்குகிறார். நாளையைப் பற்றி ஒன்றும் நினைக்காமல் பாத்திரத்தை நீட்டினார். எதிரே ஒருவன் பசியோடு நின்றான், அவ்வளவுதான்.

நம்மூரில் 'மனசுல ஈரம் இருக்கு' என்போம். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். ஈரம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. கையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெயில் தொடர்ந்து அடித்தால், மேலே ஒரு சொட்டும் விழாவிட்டால், காய்ந்தும் போகும்.

*

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. என்னிடம் அவருடைய நம்பர் இருந்தது. போன் செய்தேன், அவருடைய மகள் எடுத்தது.

"அப்பா இனி வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க. யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்காங்க. நீங்க ஒருதடவ வந்து ஒரு வார்த்த சொல்லுங்களேன் அண்ணே."

"வாரேம்மா. ஞாயித்துக்கெழம வாரேன்" என்றேன்.

போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலை. அடுத்த வாரம் அப்பாவுக்கு பிரஷர் இறங்கி இரண்டு நாள் அட்மிஷன். உண்மையான காரணம் அதெல்லாம் இல்லை. போய் என்ன சொல்வது என்று எனக்குப் பயம். அவரிடம் 'சரியாயிரும்' என்று சொல்ல முடியாது. வேறு வார்த்தை என்னிடம் இல்லை. பன்னிரண்டாம் நாள் மகளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

லெவி ஃபொஸ்ஸானோவுக்குப் போனார். ஒருதடவை அல்ல, பலதடவை. போயும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் போனார். எனக்கு ஒன்றரை மணி நேர பஸ் பயணம்தான்.

அரசுக் காப்பீட்டில் டயாலிசிஸுக்குக் காசு இல்லை. அது பெரிய விஷயம், அது இல்லாவிட்டால் அந்த வார்டில் பாதிப்பேர் முதல் மாதத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கூலி போகிறது. கூட வருகிறவரின் கூலியும் போகிறது. பஸ் செலவு, ஊசி மருந்து, சாப்பாடு. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணாச்சி மனசில் என்ன கணக்கு ஓடியதென்று நான் கேட்கவே இல்லை. ஆறு மாதம் அவர் கையால் ஐஸ் கட்டி வாங்கியிருக்கிறேன், அப்பாவுக்காக. அவரிடம் 'உங்களுக்கு எப்பிடி இருக்கு அண்ணாச்சி?' என்று ஒருதடவை கேட்டதாக ஞாபகம் இல்லை. கொடுக்கிறவருக்கு எதுவும் தேவைப்படாது என்று நாம் எப்படியோ முடிவுசெய்து விடுகிறோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். தனிமனிதனின் இரக்கத்தைக் கொண்டாடுவது ஒருவகையில் தப்பிப்பதுதானே? அந்த வார்டுக்குத் தேவை ஐஸ் கட்டியா, பக்கத்து ஊரிலேயே ஒரு டயாலிசிஸ் மையமா? மையம்தான். சந்தேகமே இல்லை. லெவிக்குத் தேவை சூப் அல்ல, அந்த முகாமே இல்லாத ஒரு உலகம். இரக்கம் நீதிக்கு மாற்று இல்லை. ஆனால் நீதி வரும்வரை நாக்கு காய்ந்துகொண்டேதான் இருக்கும். மையம் வேண்டும் என்று மனு எழுதுகிற நாளிலும் யாராவது ஒருவர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் நல்லது. பெரும்பாலும் இருப்பதில்லை.

*

மணிமேகலையின் அமுதசுரபி எல்லாருக்கும் தெரியும். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஆனால் அதில் நாம் சட்டென்று தாண்டிப்போகிற ஒரு இடம் உண்டு. பாத்திரம் கைக்கு வந்ததும் மணிமேகலை நேராகப் போய்ச் சோறு போட ஆரம்பிக்கவில்லை. முதல் பிச்சையை நல்லாள் ஒருத்தி அதில் இட வேண்டும். அந்த ஒருத்தி ஆதிரை.

ஆதிரை யார்? கணவன் சாதுவன் இன்னொருத்தியிடம் போய், சூதில் காசெல்லாம் இழந்து, கப்பல் ஏறிப்போனான். கப்பல் கவிழ்ந்தது. செத்துவிட்டான் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். ஆதிரை தீ மூட்டி அதில் இறங்கினாள். தீ அவளைச் சுடவில்லை. சாவும் என்னை ஏற்கவில்லையே என்று அவள் அழுதபோது, அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு குரல் கேட்டது. அவள் வீட்டுக்குத் திரும்பினாள். காத்திருந்த நாளெல்லாம் அறம் செய்துகொண்டிருந்தாள். அமுதசுரபியின் முதல் சோறு அவள் கையிலிருந்து விழுந்தது.

கற்பின் பெருமை என்று இதைப் படிக்கலாம், காப்பியம் அப்படித்தான் சொல்கிறது. அந்த இடம் இன்றைக்கு நமக்கு ஒப்பாது என்று விலகியும் போகலாம். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. ஊரில் எத்தனையோ வளமான வீடுகள் இருந்திருக்கும். குறையாத பாத்திரத்தைத் தொடங்கி வைக்கத் தீ வரை போய்த் திரும்பியவள் கைதான் தேவைப்பட்டது.

*

அண்ணாச்சி இறந்த செய்தியை நான் அப்பாவிடம் நான்கு நாள் சொல்லவில்லை. வியாழக்கிழமை ராத்திரி அவரே கேட்டார்.

"அண்ணாச்சி போயாச்சோ?"

நான் பேசாமல் இருந்தேன். 'இல்லப்பா, நல்லா இருக்காரு' என்று வாய்வரை வந்தது. "ஆமாப்பா" என்றேன். நான் அப்பாவிடம் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார். "அப்போ நாளைக்கு ஐஸ் கட்டிய யாரு கொண்டுவருவா? அந்த ட்ரேல தண்ணி ஊத்தி வை. எலுமிச்சம்பழம் அரை மூடி போதும்."

மறுநாள் பஸ்ஸில் பிளாஸ்க் அப்பா மடியில் இருந்தது. என்னிடம் தரவில்லை. டிக்கெட் பையைப் பிடித்திருப்பது மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மெஷினில் படுப்பதற்கு முன் கட்டில் கட்டிலாகப் போனார், நான் ஒரு கையைத் தாங்கிக்கொண்டேன். புதிதாக வந்திருந்த ஒரு பையன், கல்லூரி வயது, அழுதுகொண்டிருந்தான். அப்பா அவன் கையில் ஒரு கட்டியை வைத்துவிட்டு, "செவ்வாக்கெழம வருவேல்லா?" என்று கேட்டார்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்றேமுக்கால் வருஷம் இருந்தார். ஐஸ் கட்டியால் ஆயுள் நீண்டது என்று நான் சொல்லமாட்டேன். உடம்பு உடம்பின் வழியில் போகும். ஆனால் அதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து நான் பார்க்கவில்லை. தான் வாங்கிக்கொண்டிருந்த ஒன்றைத் தன்னாலும் கொடுக்க முடியும் என்று தெரிந்த பிறகு, 'எத்தன நாளைக்கு' என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டாரோ என்னவோ.

அப்பா காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்த மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆள் நான்தான் என்றேன்.

அது கொஞ்சம் யோசித்தது. "அப்போ நெறய பேரு அப்பிடித்தான் சொன்னாங்கண்ணே" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது கோபத்தை விடக் கஷ்டமாக இருந்தது. "உள்ள வாங்க. தண்ணி குடிக்கீங்களா?"

பெரிய சொம்பில் கொண்டுவந்து கொடுத்தது. அளவில்லாத தண்ணீர். முழுவதும் குடித்தேன்.

இப்போது நான் யாரிடமும் 'சரியாயிரும்' என்று சொல்வதில்லை. அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்பதும் சிலநேரம் தெரிவதில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஒரு கிழமையைச் சொல்கிறேன். சொன்னால் போய்விடுகிறேன். பெரும்பாலும்.